இறால் குளத்தில் பாக்டீரியா நோய்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

குளத்தில் இறால் சாகத் தொடங்கியதும் எல்லார் வாயிலும் வரும் சொல் "விப்ரியோ ஏறிடுச்சு" என்பதுதான். பாதி நேரம் அது உண்மையும்கூட. ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. விப்ரியோ என்ற பாக்டீரியாக் கூட்டம் இல்லாத கடல்நீர்க் குளமே கிடையாது. நன்றாகத் தின்று நன்றாக வளரும் இறாலின் குடலிலும் அது இருக்கும். செத்துச் சில மணி நேரமான இறாலிலோ, எதனால் செத்திருந்தாலும் சரி, மொய்த்துக் கிடக்கும். நாம் கண்டுபிடிக்க வேண்டியது இரண்டு: பெருகியிருப்பது எந்த வகை, இத்தனை நாள் சும்மா இருந்தது இந்த வாரம் ஏன் கிளம்பியது. இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் கொட்டும் மருந்து பெரும்பாலும் வீண்.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் தனித் தலைப்பு இருக்கிறது. உங்கள் குளத்தில் தெரிவதற்கு நேராகப் போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் நீரும் தரையும்

கரைந்த ஆக்சிஜனை விடியலுக்கு முன்னால், ஏரேட்டரின் (நீருக்குக் காற்றூட்டும் கருவி) ஓட்டம் எட்டாத மூலையில், தரையை ஒட்டி அளந்து பாருங்கள். காலை பத்து மணிக்கு ஏரேட்டர் பக்கத்தில் எடுக்கும் அளவு மனத்தைத் தேற்றிக்கொள்ளத்தான் உதவும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் இறால் நெருக்கடியில் இருக்கிறது. 3-க்குக் கீழே போனால் நோயைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டுக் காற்றைக் கவனியுங்கள். செத்தவற்றின் குடல் நிறைந்து, ஓடும் ஈரலும் நன்றாக இருந்து, ஒரே இரவில் மொத்தமாகச் செத்திருந்தால் குற்றவாளி பாக்டீரியா அல்ல, காற்றுதான்.

பி.எச். காலையிலும் மாலையிலும் எடுக்க வேண்டும். 7.5-க்கும் 8.5-க்கும் இடையில், ஒரு நாளைய ஏற்ற இறக்கம் 0.5-க்குள் இருந்தால் நல்லது. பி.எச். ஏறினால் அம்மோனியாவின் நஞ்சு கூடும். இறங்கினால் ஹைட்ரஜன் சல்பைடின் நஞ்சு கூடும். இந்த இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் புரிந்துகொண்டு சுண்ணாம்பு போடுகிறவர்கள் நிறையப் பேர்.

பாசி உடைந்ததா என்று கேளுங்கள். நேற்றுவரை பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்த நீர் ஒரே இரவில் தெளிந்து, காற்றடிக்கும் மூலையில் நுரை ஒதுங்கியிருந்தால், செத்த பாசி அத்தனையும் விப்ரியோவுக்குத் தீவனம். சாவு அன்றைக்கே வராமல் இரண்டு மூன்று நாள் கழித்து வரும்போது இந்தத் தெளிவை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. குளக் குறிப்பேட்டில் தினமும் நீரின் நிறத்தை எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

கடைசியாகத் தரை. கசடு சேரும் நடுப்பகுதியிலிருந்து ஒரு கை மண் எடுத்து முகர்ந்து பாருங்கள். கரியாகக் கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால், தோல் உரித்து மெத்தென்று அடியில் கிடக்கும் இறால்தான் முதலில் அடி வாங்கும்.

## ஓர் இறாலைக் கையில் எடுத்துப் பார்ப்பது

செக் ட்ரேயில், அதாவது தீவனம் தின்னப்படுகிறதா என்று பார்க்க வைக்கும் தட்டில், ஏறும் இறாலை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். தட்டுக்கு வருவது பசி உள்ள இறால். நோய்ப்பட்டது தட்டுக்கு வராது. வீச்சு வலை போட்டும் எடுங்கள், கரையோரம் தலை தூக்கி மெதுவாக நகர்பவற்றைக் கைவலையால் அள்ளியும் எடுங்கள். செத்தது வேண்டாம். சாகப்போகிறதுதான் வேண்டும்.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முதுகு நெடுகக் குடல் ஒரு கோடாகத் தெரியும். தீவனத்தின் நிறத்தில் விட்டுப்போகாமல் ஓடினால் சரி. துண்டு துண்டாக இருந்தால் இறால் தீவனத்தைக் குறைத்திருக்கிறது. வெறுமையாக இருந்தால் நிறுத்திவிட்டது. வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அதற்குத் தனித் தலைப்பு கீழே.

அடுத்தது தலை ஓட்டுக்குள் தெரியும் ஈரல். ஹெப்படோபேன்கிரியாஸ் என்று ஆய்வகத் தாளில் வருவது இதுதான். செரிமானம், கொழுப்புச் சேமிப்பு இரண்டும் இங்கேதான் நடக்கின்றன. நல்ல ஈரல் பழுப்பு கலந்த கருமை நிறத்தில், தனக்குரிய இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும். தலை ஓட்டைக் கழற்றி, ஈரலை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். நல்லது உடனே குழைந்து விரலில் பூசிக்கொள்ளும். கெட்டது நசுங்காமல் வழுக்கும். நோய்ப்பட்ட ஈரல் நார் பிடித்து இறுகிப்போவதால் இப்படி. இரண்டு நல்ல இறாலில் பழகிவிட்டு மூன்றாவதாகச் சந்தேகப்பட்டதை அழுத்தினால் வித்தியாசம் விரலுக்கே தெரிந்துவிடும்.

நுண்ணோக்கி இருந்தால் அதே ஈரலில் ஊசிமுனை அளவு கண்ணாடிச் சில்லில் நசுக்கிப் பாருங்கள். குழாய் குழாயாக, உள்ளே கொழுப்புத் துளிகள் நிறைந்து பளபளப்பது நலம். குழாய்கள் இடையில் நெரிந்து, துளிகள் காலியாகி, அங்கங்கே பழுப்புக் கறுப்புத் திட்டு தெரிந்தால் ஈரல் அடிபட்டிருக்கிறது. எதனால் என்பதை இந்தச் சில்லு சொல்லாது.

## குஞ்சு விட்டு 35 நாளுக்குள் சாவு, குடல் காலி, ஈரல் வெளிறிச் சுருங்கியது

முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏ.எச்.பி.என்.டி., அதாவது தீவிர ஈரல் அழுகல். ஆரம்பத்தில் இதை இ.எம்.எஸ். (முன்கூட்டியே சாகும் நோய்) என்று அழைத்தார்கள்; முன்கூட்டியே சாகிற எல்லாவற்றையும் அந்தப் பெயருக்குள் போட்டதில் குழப்பம்தான் மிஞ்சியது. 2009 வாக்கில் சீனாவில் தெரிந்து, வியட்நாம், மலேசியா, தாய்லாந்து என்று பரவி, 2013-இல் மெக்சிகோவை எட்டியது. அதே 2013-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லைட்னரின் குழு, காரணம் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸின் ஒரு தனி வகை என்று காட்டியது.

தனி வகை என்றால் என்ன? அந்த பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்ற வளைய வடிவ டி.என்.ஏ. ஒன்று கூடுதலாக இருக்கிறது. பிர்-ஏ, பிர்-பி என்ற இரண்டு நஞ்சுகளின் மரபணுக்கள் அதில்தான் உள்ளன. பிளாஸ்மிட் இல்லாத பாராஹீமோலிட்டிகஸ் இந்த நோயைத் தராது. பிளாஸ்மிட் தாவி ஏறிய ஹார்வேயி, கேம்ப்பெல்லி, ஓவென்சி போன்ற வேறு விப்ரியோக்களும் இதே நோயைத் தரும். ஆகவே "எங்கள் தண்ணீரில் பாராஹீமோலிட்டிகஸ் வந்திருக்கிறது" என்ற ஆய்வக முடிவு மட்டும் போதாது. நஞ்சு மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். (குறிப்பிட்ட மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) முடிவு வேண்டும்.

பாக்டீரியா இறாலின் வயிற்றில் குடியேறி அங்கிருந்து நஞ்சை விடும். நஞ்சு ஈரலுக்குப் போய்ச் சுவர்ச் செல்களை உரித்துத் தள்ளும். நோயின் உச்சத்தில் ஈரல் திசுவைப் பார்த்தால் செல்கள் உதிர்ந்து கிடக்கும். அந்த இடத்தில் பாக்டீரியா பெரிதாக இருக்காது. கடைசிக் கட்டத்தில்தான் மற்ற பாக்டீரியாக்கள் உள்ளே புகுந்து நிரப்பும். அடிப்பது நஞ்சு என்பதால், வந்த பிறகு கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் இதில் தோற்கிறது. அதோடு நோய்ப்பட்ட இறால் தின்பதே இல்லை. மருந்து கலந்த தீவனத்தைத் தின்பது நலமாக இருக்கிற இறால்.

வெளியே தெரிகிற அடையாளங்கள்: ஈரல் வெளிறி வெள்ளை படரும், பாதியாகச் சுருங்கும், விரலில் நசுங்காது, சிலவற்றில் கறுப்புப் புள்ளியோ கீற்றோ தெரியும், ஓடு மெத்தென்று இருக்கும், குடல் காலி. செத்தவை பெரும்பாலும் அடியில் கிடக்கும், மேலே மிதக்காது. கரையில் சாவு தெரியவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டு, தட்டில் தீவனம் மிஞ்சத் தொடங்கும்போதுதான் பலர் விழிக்கிறார்கள். அடுத்த முறை மிச்சம் கண்டவுடன் அடியில் வலை இழுத்துப் பாருங்கள்.

பி.சி.ஆர். உறுதி செய்துவிட்டால், அந்தக் குளத்தை இழுத்துப் பிடிப்பதைவிட மற்றக் குளங்களைக் காப்பது முக்கியம். நீரைத் திறந்துவிடாதீர்கள். அந்தக் குளத்து வலை, தட்டு, பக்கெட், ஆள் எதுவும் அடுத்த குளத்துக்குப் போகக் கூடாது. செத்ததை நலமானது தின்றால் நோய் அப்படியே தாவும் என்பதால் அடியில் கிடப்பதை அள்ளுவது தினசரி வேலை.

பி.சி.ஆர். இல்லை என்று வந்தால்? முதல் மாதத்தில் ஈரல் சுருங்குவதற்கு வேறு வழிகளும் உண்டு: பொரிப்பகத்திலேயே பலவீனமான குஞ்சு, உப்பும் வெப்பமும் பழக்காமல் கொட்டியது, குளத்தில் இயற்கை உணவு உருவாகும் முன் விட்டது, பூஞ்சை பிடித்த தீவனம். இவற்றில் சாவு படிப்படியாக இருக்கும். ஏ.எச்.பி.என்.டி. போல ஓரிரு நாளில் கொத்துக் கொத்தாக விழாது.

## தட்டில் எண்ணும் டி.சி.பி.எஸ். காலனியை எப்படிப் படிப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். பண்ணையிலேயே செய்யக்கூடிய பாக்டீரியா சோதனை இது. இங்கே தட்டு என்பது தீவனத் தட்டு அல்ல, பாக்டீரியாவை வளர்க்கும் கண்ணாடித் தட்டு. அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் இதுதான்.

விப்ரியோவை வளர்க்கும் ஊடகமான டி.சி.பி.எஸ். அகரில் சுக்ரோஸ் சர்க்கரை இருக்கிறது. அதைப் புளிக்க வைக்கும் விப்ரியோ மஞ்சள் காலனியாகவும், புளிக்க வைக்காதது பச்சைக் காலனியாகவும் வளரும். ஆல்ஜினோலிட்டிகஸ் மஞ்சள், பாராஹீமோலிட்டிகஸ், வல்னிஃபிகஸ் பச்சை. ஹார்வேயி இரண்டு விதமாகவும் வரும். ஆகவே பச்சை என்றால் கெட்டது, மஞ்சள் என்றால் நல்லது என்பது ஒரு கைக்கணக்குதான். நிறம் சர்க்கரையைப் பற்றிச் சொல்கிறது, நஞ்சைப் பற்றிச் சொல்லவில்லை. நஞ்சு மரபணு உள்ள பச்சையும் இல்லாத பச்சையும் பார்வைக்கு ஒன்றேதான்.

தட்டைப் படிக்கும் நேரம் 18-இலிருந்து 24 மணிக்குள். அதற்கு மேல் வைத்தால் சர்க்கரை தீர்ந்து மஞ்சள் காலனிகளே பச்சைப் பக்கம் திரும்பும். இரண்டு நாள் கழித்துப் பார்த்துவிட்டு "எல்லாம் பச்சை" என்று அலறுவது இப்படித்தான் நடக்கிறது.

கணக்கு எளிது. நீரை நீர்க்காமல் 0.1 மில்லி பரப்பி 45 காலனி வந்தால், மில்லிக்கு 450. பத்து மடங்கு நீர்த்த நீரில் அதே 45 வந்தால் மில்லிக்கு 4,500. நீரில் மொத்த விப்ரியோ மில்லிக்கு 1,000-க்குள்ளும், பச்சை 100-க்குள்ளும் இருக்கப் பண்ணைகளில் பார்ப்பார்கள். என் பார்வையில் ஒரு நாள் எண்ணைவிட வாரத்துக்கு வாரம் அது போகும் திசை முக்கியம். 300, 400, 350 என்று கிடந்த குளம் திடீரென்று 2,500-க்குப் போனால், அந்த வாரத்தில் எதையோ மாற்றியிருக்கிறீர்கள்: தீவனம் கூட்டியதா, பாசி உடைந்ததா, மழை கொட்டி உப்பு இறங்கியதா, கிருமிநாசினி போட்டதா?

கிருமிநாசினியையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். குளோரினோ அயோடினோ அடித்த மறுநாள் தட்டு சுத்தமாக இருக்கும். நாலைந்து நாளில் முன்பைவிட அதிகமாக எகிறும். விப்ரியோ வேகமாகப் பெருகும் ரகம். பாராஹீமோலிட்டிகஸுக்கு வசதியான சூழல் கிடைத்தால் கால் மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகிவிடும். போட்டிக்கு இருந்த மெதுவான பாக்டீரியாக்களையும் பாசியையும் சேர்த்துக் கொன்றுவிட்டு, தின்பதற்கு அவற்றின் பிணத்தையும் விட்டுவைத்தால், காலி இடத்தைப் பிடிப்பது யார் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

நீரை மட்டும் பரப்பாமல் ஈரலையும் பரப்புங்கள். தோலைச் சாராயத்தில் துடைத்து, ஈரலை எடுத்து, கிருமி நீக்கிய உப்பு நீரில் அரைத்துப் பரப்ப வேண்டும். உயிருள்ள இறாலில் மட்டும். செத்த இறாலில் எடுத்த ஈரல் தட்டு எதையும் நிரூபிக்காது.

## நீர்மேல் வெள்ளை நூல்

தீவனத் தட்டின் மேலும் காற்றடிக்கும் கரையிலும் வெள்ளையாக, அறுந்த நூல் போலக் கழிவு மிதந்தால் வெள்ளைக் கழிவு நோய். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மாதத்துக்குப் பிறகு வரும். தீவனம் எடுப்பது குறையும், ஓடு தளரும், உருவம் சமமில்லாமல் போகும். சாவு மெதுவாக இருக்கும்.

ஒரு நூலை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் புழு போன்ற உருவங்கள் கூட்டமாகத் தெரியும். "குடலில் புழு, கிரிகரைன்" (கிரிகரைன் என்பது குடலில் வாழும் ஒருசெல் ஒட்டுண்ணி) என்று சொல்லிப் புழு மருந்து விற்கக் கிளம்பிவிடுவார்கள். உண்மையான கிரிகரைனுக்குச் செல் அமைப்பும் உட்கருவும் இருக்கும். இந்த உருவங்களில் பலவற்றுக்கு அது கிடையாது. ஈரல் செல்களிலிருந்து உரிந்த நுண்விரல்கள் திரண்டு புழு வடிவில் சுருண்டவை அவை என்று தாய்லாந்து ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். அதாவது நீரில் மிதப்பது இறாலின் சொந்த ஈரல்.

பின்னணியில் அடிக்கடி இருப்பது இ.எச்.பி. என்ற நுண்வித்து ஒட்டுண்ணி. அது பாக்டீரியா அல்ல. பூஞ்சைக்கு நெருங்கிய உறவு. தனியாக இருந்தால் வளர்ச்சியைக் குறுக்கும், வெள்ளை நூல் பெரும்பாலும் வராது. அதோடு விப்ரியோவும் கூடினால்தான் நூல் வெளிப்படும் வாய்ப்பு அதிகம். இங்கே பார்க்க வேண்டிய சோதனை இரண்டு: ஈரலிலோ கழிவிலோ இ.எச்.பி. பி.சி.ஆர்., கூடவே விப்ரியோ எண்ணிக்கை.

இ.எச்.பி. இருந்தால் இந்தப் போகத்தில் அதை ஒழிக்க மருந்து இல்லை. உங்கள் கையில் இருப்பது விப்ரியோ பக்கம் மட்டும். தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள், கசடை வெளியேற்றுங்கள், மிதக்கும் நூலைத் தினமும் அரித்து எடுத்துக் குளத்துக்கு வெளியே புதையுங்கள். இ.எச்.பி. இல்லை என்றால் நிலைமை நல்லது. தீவனக் குறைப்பும் தரைச் சுத்தமும் ஒன்றிரண்டு வாரத்தில் வேலை செய்யும். பழைய தீவனம், ஊறிப்போன மூட்டை, நீலப்பச்சைப் பாசியின் ஆதிக்கம் ஆகியவற்றையும் பாருங்கள்.

## இரவில் நீர் ஒளிர்கிறது

ஏரேட்டர் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை கரையில் நில்லுங்கள். நீரைக் கலக்கும்போது மட்டும் நீலப் பொறி தெறித்து அணைந்தால் அது டைனோஃபிளாஜெல்லேட் என்ற பாசி வகை. கலக்காமல் விட்டாலும் மங்கலான பச்சை ஒளி நிலையாக இருந்தால், அல்லது கைவலையில் எடுத்த இறாலே ஒளிர்ந்தால், அது ஒளிரும் பாக்டீரியா. பெரும்பாலும் விப்ரியோ ஹார்வேயியும் அதன் உறவுக்காரர்களும்.

தனித்தனியாக இருக்கும்போது இவை ஒளிராது. அருகருகே அடர்ந்து, ஒன்றுக்கொன்று விடும் வேதிச் செய்தி ஓர் அளவைத் தாண்டிய பிறகுதான் விளக்கேறும். எனவே கண்ணுக்கு ஒளி தெரிகிறது என்றாலே எண்ணிக்கை ஏற்கெனவே எங்கோ போய்விட்டது.

வளர்ப்புக் குளத்தில் ஒளி தெரிந்து இறால் தின்றுகொண்டிருந்தால் பதற வேண்டாம். தீவனம் குறைத்து, காற்றைக் கூட்டி, கசடை இழுத்து, ஓய்வுக் குளத்தில் முதிர்ந்த பச்சை நீர் இருந்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். திலாப்பியா வளர்த்த பச்சை நீர் ஒளிரும் விப்ரியோவை அடக்குவது பல இடங்களில் கண்ட பலன். பொரிப்பகத் தொட்டியில் ஒளி தெரிந்தால் கதை வேறு. லார்வாவுக்கு அது சில நாளில் தொட்டியையே காலி செய்யும் நோய். தொட்டியை ஒதுக்கி, கிருமி நீக்கி, கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மலிவு.

## உடல் சிவப்பு, ஓட்டில் வெள்ளைப் புள்ளி

சிவப்பு எதையும் தனியாகச் சொல்லாது. நீந்து கால்களும் வாலும் சிவந்து, கூட்டமாகக் கரை தட்டி, தீவனம் திடீரென்று அறுந்தால் முதலில் வெள்ளைப் புள்ளி வைரஸைப் பாருங்கள். வனாமி வகை இறாலில் புள்ளியே இல்லாமல் சிவப்பு மட்டும் காட்டி மூன்றிலிருந்து பத்து நாளில் குளத்தைத் துடைத்துவிடும். பாக்டீரியா இரத்தத்தில் ஏறிய இறாலும் சிவக்கும். அதில் தீவனம் படிப்படியாகக் குறையும், சாவு தினமும் கொஞ்சம் என்ற கணக்கில் போகும். எப்படியானாலும் வைரஸ் பி.சி.ஆர். முடிவு வரும்வரை எதையும் முடிவு கட்டாதீர்கள்.

புள்ளி இருந்தும் இறால் தின்கிறது, வளர்கிறது, சாவும் இல்லை என்றால் பாக்டீரியா வெள்ளைப் புள்ளியாக இருக்கலாம். ஓட்டை உரித்து நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் துளை விழுந்த, பாறைப்பாசித் திட்டு போன்ற வட்டம் தெரியும். தோல் உரிந்ததும் போய்விடும். கடினத்தன்மையும் பி.எச்.-உம் உயர்ந்த நீரில் வெறும் உப்புப் படிவும் புள்ளியாகத் தெரியும்.

## தசை வெளுப்பு

வலையில் துள்ளியதும் வால் வெளுத்து வளைந்தால் பிடிப்பு. நல்ல காற்றோட்டமான வாளியில் விட்டுப் பாருங்கள். ஓரிரு மணி நேரத்தில் தெளிந்தால் ஆக்சிஜன் குறைவு, வெப்பம், தாது உப்புக் குறைவு இவற்றில் ஒன்று. தெளியாமல், வெளுப்பு வால் பக்கத்திலிருந்து மேலேறி, பிறகு சமைத்ததுபோல் சிவந்தால் தசை அழுகல். அதை வைரஸும் தரும். 2002-இல் பிரேசிலில் தெரிந்த ஐ.எம்.என்.வி. அதில் முக்கியமானது. விப்ரியோ ஹார்வேயியும் வனாமியில் வெள்ளை வாலைத் தரும். வெளுத்த தசையைத் தட்டில் பரப்பினால் பாக்டீரியா வகை தெரியும். பரப்பி ஒன்றும் வரவில்லை என்றால் பி.சி.ஆர்.

## ஓட்டில் கறுப்புக் குழி, செவுள் நிறம் மாறியது

ஓட்டில் பழுப்பாகத் தொடங்கிக் கறுத்துக் குழி விழுவது ஓட்டின் பொருளான கைட்டினைத் தின்னும் பாக்டீரியாக்களின் வேலை: விப்ரியோ, ஏரோமோனாஸ், சூடோமோனாஸ். கீறல் இருந்தால்தான் நுழையும். நெரிசலும், வலையில் அடிபடுவதும், அழுக்குத் தரையும் கீறலுக்குக் காரணம். மேலோட்டமாக இருந்தால் அடுத்த தோலுரிப்பில் போய்விடும். டௌரா வைரஸில் பிழைத்த இறாலிலும் ஒழுங்கற்ற கறுப்புத் திட்டு இருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

செவுளில் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் ஒரு நுனியைக் கத்தரித்து நுண்ணோக்கியில் பாருங்கள். கிளையில்லாத நீள இழைகள் என்றால் லூக்கோத்ரிக்ஸ் பாக்டீரியா. காம்பில் மணி போன்ற உருவங்கள் ஆடினால் ஒருசெல் உயிரிகள். இரண்டுக்கும் மூலம் அழுக்கு நீர்தான். செவுள் கறுப்புக்கு பூஞ்சை, கசடு, வைட்டமின் சி குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு.

## எல்லாம் விப்ரியோ போலவே, தட்டு மட்டும் சுத்தம்

நடுப்போகத்துக்கு மேல், வெப்பமும் உப்பும் உயர்ந்த காலத்தில், ஓடு மெத்தென்று, குடல் காலியாக, ஈரல் வெளிறிச் சுருங்கி, டி.சி.பி.எஸ். தட்டில் ஒன்றும் தேறவில்லை என்றால் என்.எச்.பி. என்ற இன்னொரு ஈரல் அழுகல் நோயை நினையுங்கள். ஹெபடோபேக்டர் பெனேயி என்ற இந்த பாக்டீரியா ஈரல் செல்லுக்குள்ளேயே வாழ்கிறது. செயற்கை ஊடகத்தில் வளராது. 1985-இல் டெக்சாஸில் முதலில் தெரிந்தது. அமெரிக்கக் கண்டங்களில்தான் பெரிதும் பாதித்திருக்கிறது. பி.சி.ஆர். அல்லது திசு ஆய்வு மட்டுமே இதைக் காட்டும். இறால் இன்னும் தின்றுகொண்டிருக்கும் ஆரம்பக் கட்டத்தில் பிடித்தால், ஆக்ஸிடெட்ராசைக்ளின் கலந்த தீவனத்துக்குக் கேட்கும் அபூர்வமான இறால் நோய் இது. அதுவும் கால்நடை அல்லது மீன்வள மருத்துவரின் சீட்டோடு, உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதித்தால், அறுவடைக்கு முன் விட வேண்டிய நாள்கணக்கைக் காத்துத்தான்.

மற்ற எந்த அறிகுறிக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கையில் எடுக்காதீர்கள் என்பதே என் நிலை. குளோராம்பெனிகாலும் நைட்ரோஃபியூரானும் உணவுக்கான விலங்குகளில் பல நாடுகளில் தடை செய்யப்பட்டவை. எச்சம் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கு மொத்தமாகத் திரும்பும். திரும்பாவிட்டாலும் எதிர்ப்பு வளர்ந்த விப்ரியோ உங்கள் தரையிலேயே தங்கிவிடும்.

## குஞ்சு கண்ணாடிபோல் ஆகி அடியில் விழுகிறது

பொரிப்பகத்தில் போஸ்ட்லார்வா (லார்வா நிலையைத் தாண்டிய குஞ்சு) ஒன்றிரண்டு வார வயதுக்குள் உடல் கண்ணாடியாகி, ஈரலும் குடலும் நிறமிழந்து, நீந்தாமல் அமிழ்ந்தால், 2020-இல் சீனாவிலிருந்து விவரிக்கப்பட்ட கண்ணாடிக் குஞ்சு நோய். கொடிய ரக பாராஹீமோலிட்டிகஸ்தான் காரணம், ஏ.எச்.பி.என்.டி. நஞ்சு மரபணுவைத் தேடும் பி.சி.ஆரில் இது சிக்காது. ஓரிரு நாளில் தொட்டியின் பெரும்பகுதி போய்விடும். அந்தத் தொட்டிக் குஞ்சில் மிஞ்சியதை விலை குறைத்துத் தந்தாலும் வாங்காதீர்கள்.

## முடிவு வரும்வரை செய்ய வேண்டியது

ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரி மூன்று வகை. பி.சி.ஆருக்கு 95 சதவீத எத்தனாலில். திசு ஆய்வுக்கு, திசுவைப் பதப்படுத்தும் டேவிட்சன் கரைசலில், ஈரலுக்குள் ஊசியால் செலுத்தி. தட்டுக்கு உயிரோடு, நீரோடு. நோய்ப்பட்டதிலிருந்து பத்துப் பன்னிரண்டு போதும். நோய் தெரியாத குளத்தில் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதற்கு 150 வேண்டும். நூற்றில் இரண்டு இறாலுக்கு நோய் இருந்தாலும் பிடிபடும் என்ற 95 சதவீத உறுதி அந்த எண்ணிக்கையில்தான் கிடைக்கும்.

அன்று இரவே தீவனத்தைப் பாதியாக்குங்கள். ஈரல் சுருங்கியிருந்தால் ஒரு நாள் முழுதும் நிறுத்துங்கள். ஏரேட்டர் எல்லாம் ஓடட்டும். நடுக் கசடை இழுங்கள். வெளி நீரை மொத்தமாக ஏற்றி மாற்ற வேண்டாம். பக்கத்துக் குளத்து நோயை வாங்கி வருவதோடு, உப்பும் பி.எச்.-உம் ஆடும் ஆட்டத்தில் இறால் இன்னும் சோரும். புரோபயாட்டிக் போடுவதானால் கிருமிநாசினி போட்ட அதே வாரத்தில் போடாதீர்கள். வெல்லப்பாகும் கவனம்: சர்க்கரை நல்ல பாக்டீரியாவுக்கு மட்டும் என்று சீட்டு எழுதி ஊற்ற முடியாது; காற்று குறைந்த குளத்தில் அது ஆக்சிஜனையும் தின்னும்.

குளத்தைக் கைவிடுவது என்று முடிவானால் நீரைக் குளோரினால் கிருமி நீக்கி, சில நாள் நிறுத்தி, குளோரின் தீர்ந்தது என்று சோதித்த பிறகே வெளியேற்ற வேண்டும். பிறகு கசடை வழித்து எடுத்து, தரை வெடிக்கும்வரை வெயிலில் காய விடுங்கள். இ.எச்.பி. இருந்த குளத்துக்குக் காய விடுவது மட்டும் போதாது: ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பைப் பரப்பி, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு உழுது, ஈரமாக்கி, மண்ணின் பி.எச். 12-ஐத் தொட வைக்க வேண்டும். விவசாயச் சுண்ணாம்புக்கு அந்தச் சூடு கிடையாது. நீர் ஏற்றும் குழாய்களின் உட்புறத்தையும் கையால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக ஒட்டியிருக்கும் படலத்தில் விப்ரியோ குளோரினுக்கும் தப்பி உட்கார்ந்திருக்கும். அதைத் தேய்த்து எடுக்காமல் புதுக் குஞ்சை இறக்க வேண்டாம்.